காட்டுவதற்கு ஒரு கட்டில்

வீட்டுத் தரகில் எனக்குச் சொத்து என்று இருப்பது வாய் ஒன்றுதான். அது என்னைக் கேட்காமலே பேசும். வெயிலே படாத வீட்டைக் காட்டி 'எப்பவும் குளுகுளுன்னு இருக்கும்' என்னும். குளியலறை அளவுள்ள அறையைக் காட்டி 'பெருக்கித் துடைக்க சுலபம்' என்னும்.

இணைய விளம்பரமெல்லாம் என் மனைவியின் தம்பி பார்த்துக்கொள்கிறான். அவன் வேறு ஊரில், இன்னொரு ஆணோடு சேர்ந்து வாழ்கிறான். எங்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும். இருந்தாலும் இருவரும் வந்தால், எங்கள் மாடியறையில் இரண்டு கட்டிலை எதிரெதிர்ச் சுவரோரம் போட்டுவைப்பேன். மரியாதையாம்.

ஒருநாள் போனில் சொன்னான். "அத்தான், ஆணும் ஆணுமா, பொண்ணும் பொண்ணுமா எத்தனை பேர் வீடு தேடி அலையுறாங்க தெரியுமா? 'வாங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்ல ஆளில்ல."

"போட்டியே இல்லாத வியாபாரம்னு சொல்லு. போட்ருடா மாப்ள!"

நான் சிரிக்கும் படத்துக்குக் கீழே அவன் எழுதிப் போட்டது இதுதான்: 'வீடு பார்க்க ஜோடியாகவே வாருங்கள். எங்களிடம் அண்ணன் தம்பியாகவோ அக்கா தங்கையாகவோ நடிக்க வேண்டாம்.' மனைவி பார்த்துவிட்டு, "எழுத்து நல்லாருக்கு. உங்க பல்லுதான் வாடகைக்கு விட்ட வீடு மாதிரி வரிசையா நிக்குது" என்றாள்.

முதலில் வந்தவர்கள் ஒரு பேக்கரிக்காரரும் ஒரு கணக்காளரும். நாற்பதைத் தாண்டிய ஜோடி.

"இப்ப இருக்கிற வீட்ல நாங்க அண்ணன் தம்பிங்க" என்றார் பேக்கரிக்காரர். "வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தா காட்டுறதுக்குன்னே ரெண்டாவதா ஒரு கட்டில் வாங்கிப் போட்டிருக்கோம். இன்னிக்கு வரைக்கும் அதுல ஒருத்தரும் படுத்ததில்ல."

"விரிப்புக்கு அடியில மெத்தையோட பிளாஸ்டிக் உறையைக்கூட பிரிக்கல" என்றார் கணக்காளர். "உங்க விளம்பரத்தைப் பார்த்ததும், முதல்ல அந்தக் கட்டிலை வித்துரணும்னுதான் தோணுச்சு."

எனக்குப் பழக்கமான தையற்கடை அக்காவின் வீட்டுக்கு அழைத்துப் போனேன். கீழே கடை, வாடகைக்கு விடும் மாடியில் ஒரே படுக்கையறை. "அக்காகிட்ட நான் பேசிக்கிறேன்" என்று பெருமையாக வேறு சொல்லிவைத்தேன்.

கழுத்தில் அளவு நாடாவோடு வந்து அக்கா மாடிக் கதவைத் திறந்தார். "யாருப்பா இவங்க?"

"அண்ணன் தம்பிங்கக்கா" என்றது என் வாய்.

பேக்கரிக்காரர் என்னைப் பார்த்தார். கோபமில்லை. அலுப்புத்தான். கணக்காளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்ப ரெண்டு கட்டில் போடணுமே, இடம் பத்துமா?" அக்கா கழுத்திலிருந்து நாடாவை உருவினார். "தம்பி, இந்த முனையைப் பிடி."

பேக்கரிக்காரர் பிடித்தார். அக்கா முட்டி போட்டுச் சுவரோரமாய் அளந்தார். பத்தவில்லை. அலமாரியைத் தள்ளச் சொன்னார். அப்போதும் பத்தவில்லை. "ஒண்ணைக் குறுக்கால போட்டா..." என்று மறுபடி குனிந்தார். நாடாவின் மறுமுனையில், யாரும் படுக்காத ஒரு கட்டிலுக்கு இடம் பிடித்துக்கொண்டு நின்றார் அந்த மனிதர். எனக்குத் தாங்கவில்லை.

"அக்கா, ஒரு கட்டில் போதும்."

"ரெண்டு பேருக்கா?"

பேக்கரிக்காரரைப் பார்த்தேன். லேசாகத் தலையசைத்தார்.

"அவங்க அண்ணன் தம்பி இல்லக்கா. ஜோடி. நானும் என் வீட்டுக்காரியும் எப்படியோ, அப்படி. நான்தான் பழக்கதோஷத்துல புளுகிட்டேன்."

அக்கா எழுந்தார். நாடாவை விரலில் மெதுவாகச் சுற்றினார். "இதை முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? முட்டி போச்சு." பிறகு யார் முகத்தையும் பார்க்காமல், "யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்" என்றார்.

மூவரும் தெருவில் இறங்கி நடந்தோம். வீட்டுக்காரர்கள் 'நாளைக்கு' என்றால் என்ன பொருள் என்று தரகனுக்குத் தெரியாதா?

"மன்னிச்சிருங்க" என்றேன்.

"விளம்பரத்துல பல்லு மட்டும்தான் நிஜம் போல" என்றார் கணக்காளர். பேக்கரிக்காரர் சிரித்துவிட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் அக்காவே போன் பண்ணினார். "மாடிப்படி திருப்பத்தை அளந்து பார்த்தேன். பெரிய கட்டில் அப்படியே ஏறாது. கழட்டிக் கொண்டுவரச் சொல்லு."

"சரிக்கா!"

"வரும்போது உன் வாயையும் கழட்டி வெச்சிட்டு வா."

அவர்கள் குடிவந்த அன்று, கட்டிலை மாட்டி முடித்துவிட்டுப் பேக்கரிக்காரர் கேட்டார். "அந்த இன்னொரு கட்டில் புத்தம் புதுசா கிடக்கு. உங்க வீட்டுக்கு வேணுமா?"

"வேணாங்க" என்றேன். "எங்க மாடியிலயும் ஒண்ணு விக்கணும். அடுத்த வாரம் என் மச்சினன் ஜோடியா வர்றான்."