ஆறு கிலோப் பூசணிக்காய்

இறக்கக்கண்டியில் மதிவதனா மிஸ்ஸின் வாய்க்குப் பயப்படாத தாய் ஒருத்தியும் கிடையாது. அது தனக்குக் கிடைத்த நற்சான்றிதழ் என்றுதான் அவளும் நெடுங்காலம் நினைத்திருந்தாள். பத்தொன்பது வருடமாக, தாய்மாரையும் பிள்ளைகளையும் பார்க்கும் மருத்துவமாது வேலை. அன்புவழிபுரத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்து வாசிகசாலை வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள், உள்ளே வாங்கில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் பிள்ளையின் மூக்கைத் துடைத்து, நகத்தைப் பார்த்து, நேற்று அதன் வாயில் தீத்தியது என்னென்ன என்று மனதுக்குள் ஒருமுறை பாடமாக்கிவிடுவார்கள்.

மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அங்கே பிள்ளை நிறுக்கும் நாள். தொங்கு தராசில் ஒரு துணிக் காற்சட்டை மாட்டியிருக்கும். பிள்ளையை அதற்குள் இறக்கித் தொங்கவிட்டால் முள் ஓரிடத்தில் போய் நிற்கும். அந்த நிறையைப் பிள்ளையின் வளர்ச்சிக் கொப்பியில் புள்ளியாகக் குத்தி, போன மாதப் புள்ளியோடு கோடு இழுப்பாள். கோடு பச்சைக்குள் ஓடினால் மிஸ் சிரிப்பாள். செம்மஞ்சளுக்குள் இறங்கினால் அன்றைக்குத் தாய்க்கு அர்ச்சனைதான்.

அவள் வாயால் நல்ல பெயர் வாங்கியவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதில் ஒருத்தி பிரியதர்சினி. மூதூரிலிருந்து கலியாணம் கட்டி வந்தவள். தாய் இல்லை. புருசன் லோஜன் கடலுக்குப் போகிறவன். அவனுடைய அக்கா தயாவின் வளவுக்குள் ஓர் அறையும் ஒரு குசினியும் இவர்களுக்கு. முதல் பிள்ளை கஜீபன்.

தை மாதக் கிளினிக்குக்கு அவள் ஒரு சில்வர் டப்பாவோடு வந்தாள். பூசணிக்காயைத் தோலோடு ஆவியில் அவித்து, சதையை மட்டும் வழித்தெடுத்து, வத்தாளங்கிழங்கு சேர்த்து, ஒரு கரண்டி தேங்காய்ப்பால் விட்டு மசித்திருந்தாள்.

"மிக்சியில அடிச்சனீரோ?" என்று கேட்டாள் மதிவதனா.

"இல்லை மிஸ். கரண்டியின்ர பின்பக்கத்தால மசிச்சனான். மிக்சியில அடிச்சா அவன்ர நாக்குக்கு வேலையில்லையே."

மதிவதனா ஒரு தேக்கரண்டி அள்ளிச் சரித்துப் பார்த்தாள். வழியவில்லை. தலைகீழாகப் பிடித்தாள். அப்போதும் விழவில்லை. வாயில் வைத்துப் பார்த்தாள். சீனி போடாமலே இனித்தது.

"இதுதான் பதம். எல்லாரும் வந்து பாருங்கோ," என்று டப்பாவை வரிசையில் அனுப்பினாள். காலையில் கதலிப்பழம், மத்தியானம் இந்த மரக்கறி, பின்னேரம் பப்பாசி என்று பிரியதர்சினியையே எழும்பிச் சொல்ல வைத்தாள். அவள் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு சொன்னாள். அன்றைக்குக் கஜீபன் சரியாக ஏழு கிலோ. சின்னப் பிள்ளைதான், பச்சையின் கீழ் விளிம்பில்தான் அவன் கோடு ஓடியது. ஆனாலும் ஏறுமுகம்.

மாசியில் பழைய தராசின் கொக்கி கழன்றுவிட்டது. சுகாதாரப் பணிமனைக் களஞ்சியத்தில் மேலதிகமாகக் கிடந்த ஒன்றை மதிவதனா வாங்கிக்கொண்டு வந்தாள். மாட்டினாள். முள் பூச்சியத்தில் ஒழுங்காக நின்றது. இரண்டு கிலோப் படிக்கல்லைத் தொங்கவிட்டும் பார்க்கவேண்டும் என்பது ஒழுங்கு. படிக்கல் அலுமாரிக்குள் இருந்தது. அலுமாரிச் சாவி கைப்பைக்குள் இருந்தது. வரிசை வாசல் வரைக்கும் நின்றது. பிறகு பார்க்கலாம் என்று விட்டாள்.

அந்தப் "பிறகு" மூன்று மாதம் கழித்துத்தான் வந்தது.

அன்று கஜீபனுக்கு முள் காட்டியது ஆறு கிலோ எண்ணூறு. கோடு செம்மஞ்சளுக்குள் இறங்கியது.

"ஏழிலயிருந்து ஆறு எண்ணூறு. என்ன பிரியா இது?"

பிரியதர்சினி கொப்பியை எட்டிப் பார்த்தாள். அவளுக்கு விளங்கவில்லை. "நல்லாச் சாப்பிடுறான் மிஸ். போன மாதத்தை விடப் பாரமாத்தான் தூக்கிறன். தராசை ஒருக்காப் பாருங்கோவன்."

பார்த்திருக்கலாம். ஐந்து நிமிட வேலை. ஆனால் மதிவதனாவுக்கு அந்த நேரம் கண்ணை மறைத்தது வேறொன்று. போன மாதம் இதே வாங்குகளுக்கு முன்னால் எழுப்பி நிறுத்தி மாதிரி காட்டிய தாய் இவள். இவளுடைய பிள்ளையே இறங்கினால் யாருக்கு முகத்தில் கரி? வந்த வெட்கத்தைக் கோபமாக மாற்றிக்கொள்ள அவளுக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது.

"ஆடத் தெரியாதவள் மேடை கோணல் எண்டாளாம்," என்றாள்.

பெண்கள் சிரித்தார்கள். அடுத்தவளுக்கு விழும் பேச்சு வரிசையில் நிற்பவளுக்கு எப்போதும் ருசிதான்.

சிரிப்பு அவளை இன்னும் ஒரு படி ஏற்றிவிட்டது. "போன மாதம் கொண்டந்தது எங்களுக்குக் காட்டவோ? வீட்டில அவ்வளவு பதமா மசிச்சு ஆர் சாப்பிட்டது? நீரோ?"

வாசலில் குடையோடு நின்ற தயா உள்ளே வந்து, பிரியதர்சினியின் கையிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

அந்த மாதம் வேறு பல பிள்ளைகளுடைய கோடுகளும் ஏறாமல் படுத்துத்தான் கிடந்தன. 'சளி, தடிமன் காலம்' என்று எழுதி விட்டாள் மதிவதனா. கொழுத்த பிள்ளைகளுக்குப் பச்சைக்குள்ளேயே இறங்க இடம் இருந்தது. விளிம்பில் நின்ற ஒருவன்தான் விழுந்தான். விழுந்தவனை மட்டும்தான் அவள் பார்த்தாள்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட ஏலுமோ. பின்னேரத்துக்குள் கதை கடற்கரை வரைக்கும் போய்விட்டது. பிரியாவின் கை பிள்ளைக்குப் பொருந்தவில்லையாம். தாய் இல்லாமல் வளர்ந்தவள்தானே, தீத்துகிற கைக்கு ஒரு ராசி வேணுமாம்.

பங்குனிக் கிளினிக்குக்குப் பிள்ளையைத் தூக்கி வந்தவள் தயா. பிரியதர்சினி பின்னால் பையோடு வந்தாள். முள் ஏழு கிலோ நூறு காட்டியது.

"இப்ப நான்தான் மிஸ் சமைச்சுத் தீத்துறன். அவளின்ர கை ராசியில்லை," என்றாள் தயா.

கைராசி என்று ஒன்று கிடையாது என்பதைப் பத்தொன்பது வருடமாக வீடு வீடாகப் போய்ச் சொன்னவள் மதிவதனா. அன்றைக்கும் அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் தான் போன மாதம் ஏசியது பலித்துவிட்டது என்ற சந்தோசம் அவளுக்கு.

"பாத்தீங்களே, கை மாறினதும் பிள்ளை ஏறிட்டான். அப்ப நீங்களே தீத்துங்கோ," என்று சிரித்தாள்.

ஊர் சொன்னதற்கு அரசாங்க முத்திரை குத்தினாற்போல் ஆயிற்று. அதே பூசணிக்காய், அதே பானை, அதே கதலிக்குலை. கை மட்டும் மாறியது.

வைகாசிக் கிளினிக்கன்று சமையல் செய்து காட்டும் நிகழ்ச்சி இருந்தது. மதிவதனா வரும் வழியில் ஜவாஹிர் நானாவின் கடையில் ஒரு முழுப் பூசணிக்காய் வாங்கினாள். ஆறு கிலோ. வெட்டுவதற்கு முதல் ஒரு பகிடி செய்து காட்டலாம் என்று தோன்றியது.

"ஒரு வயது கிட்ட வாற பிள்ளை இந்தப் பூசணிக்காயை விடப் பாரமா இருக்கவேணும். எங்க, இவர் எவ்வளவு எண்டு பாப்பம்," என்று அதைக் காற்சட்டைக்குள் இறக்கித் தொங்கவிட்டாள்.

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முள் ஐந்து கிலோ அறுநூறில் நின்றது.

"ஜவாஹிர் நானா மிஸ்ஸையே சுத்திப்போட்டார்," என்றாள் ஒருத்தி.

மதிவதனாவுக்குச் சுருக்கென்றது. பூசணிக்காயை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே கடைக்கு நடந்தாள். ஜவாஹிர் நிதானமான மனிதர். அவள் பேசி முடியும் வரைக்கும் கேட்டிருந்துவிட்டு, காயை வாங்கி டிஜிட்டல் தராசில் வைத்தார். ஆறு கிலோ பதினைந்து கிராம். பிறகு முத்திரை குத்திய ஐந்து கிலோப் படிக்கல்லை எடுத்து வைத்தார். சரியாக ஐந்து.

"எண்ட தராசுக்கு வருசா வருசம் சீல் அடிக்கிறாங்க மிஸ்," என்றார். "உங்கட தராசுக்கு ஆர் அடிக்கிற?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதனால்தான் அது அவ்வளவு ஆழமாக இறங்கியது.

திரும்பி வந்து அலுமாரியைத் திறந்து, இரண்டு கிலோப் படிக்கல்லைத் தொங்கவிட்டாள். முள் இரண்டைத் தொடவில்லை. கல்லை எடுத்துவிட்டு மறுபடி மாட்டினாள். தொடவில்லை. வாங்கில் பெண்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மதிவதனாவுக்குக் காதில் கேட்டதெல்லாம் ஒரு வசனம்தான்: போன மாதத்தை விடப் பாரமாத்தான் தூக்கிறன். மேடை கோணலாகவே இருந்திருக்கிறது. ஆடியவள் சரியாகத்தான் ஆடியிருக்கிறாள்.

பணிமனையில் சொன்னாள். புதுத் தராசு கொடுத்தார்கள். "கொப்பியளைத் திருத்திவிட்டாச் சரி. பெரிசுபடுத்தத் தேவையில்லை," என்றார் மேலதிகாரி. முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். இரண்டு நாள் இருந்து எல்லாக் கணக்கையும் திருத்தினாள். ஒரு பிள்ளைகூட அந்த மூன்று மாதத்தில் இறங்கவில்லை. கஜீபன் மாசியில் ஏழே கால் கிலோவுக்கு மேல் இருந்திருக்கிறான். பச்சைக்குள்.

வெள்ளிக்கிழமை காலையில் புதுத் தராசையும் தூக்கிக்கொண்டு அவர்கள் வளவுக்குப் போனாள். வழி முழுக்க என்ன சொல்லுவது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். ஊரையே வாயால் ஆண்டவளுக்கு இரண்டு வசனம் கோக்க முடியவில்லை.

மாமரத்துக்குக் கீழே கதிரையில் உட்கார்ந்து தயா பிள்ளைக்குத் தீத்திக்கொண்டிருந்தாள். பிரியதர்சினி கிணற்றடியில் உடுப்பு அலசிக்கொண்டிருந்தாள். மிஸ்ஸைக் கண்டதும் சட்டென எழும்பி, ஈரக் கையைச் சட்டையில் துடைத்தாள். கேட்பதற்கு முன்பே பதில் வந்தது.

"மச்சாள்தான் தீத்துறா மிஸ். நான் தொடுறதில்லை."

மிஸ் மறுபடி ஏச வந்திருக்கிறாள் என்றே நினைத்திருக்கிறாள்.

"பிரியா, தராசுதான் பிழை," என்றாள். "நீங்கள் சொன்னதுதான் சரி. அது குறைச்சுக் காட்டினது. நான் பாத்திருக்கவேணும், பாக்கேல்லை. பாக்காமல் உங்களை அத்தினை பேருக்கு முன்னால ஏசிப்போட்டன். பிள்ளை ஒரு நாளும் இறங்கேல்லை. உங்கட கையில இருக்கேக்கையும் ஏறித்தான் இருந்தவன்."

இத்தனை நாளும் 'நீர்' என்று கூப்பிட்டவள் அன்றைக்குத்தான் 'நீங்கள்' என்றாள். அது அவளுக்கே பிறகுதான் தெரிந்தது.

தயாவின் கரண்டி பாதி வழியில் நின்றது. கெட்டவள் இல்லை அவள். தம்பியின் பிள்ளை மெலிகிறான் என்று நம்பித்தான் தீத்துகிற வேலையைத் தன் கைக்கு வாங்கியவள். கிண்ணத்தை ஒரு முறை பார்த்தாள், பிரியதர்சினியை ஒரு முறை பார்த்தாள். எழும்பிக் கதிரையை அவள் பக்கம் தள்ளிவிட்டாள்.

"இந்தா. நீ தீத்து," என்றாள்.

பிரியதர்சினி கிணற்றடிக்குப் போய்க் கையை மறுபடி கழுவினாள். சவர்க்காரம் போட்டு இன்னொரு முறை கழுவினாள். வந்து இருந்து, ஒரு கரண்டி அள்ளி, தன்னையறியாமல் அதைச் சரித்துப் பார்த்தாள். வழியவில்லை. பிள்ளையின் வாயருகே கொண்டுபோனாள். கஜீபன் வாயை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினான். மறுபக்கத்தால் கொண்டுபோனாள். கரண்டியைத் தட்டிவிட்டுத் தயாவைப் பார்த்துக் கையை நீட்டி அழத் தொடங்கினான்.

"பழகிட்டான்," என்றாள் பிரியதர்சினி. குறையாகச் சொல்லவில்லை.

"மெல்ல மெல்லப் பழகுவான். நாளைக்கும் நீயே தீத்து," என்றாள் தயா.

மதிவதனா தராசை மாமரக் கொப்பில் கட்டினாள். படிக்கல்லை முதலில் தொங்கவிட்டுக் காட்டினாள். முள் இரண்டில் நின்றது. தான் கெடுத்ததில் ஏதாவது ஒரு துண்டையாவது திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும் என்று அவளுக்கு அந்தரமாக இருந்தது.

"பிரியா, நிறுக்க முதல் நீங்கள் ஒருக்காத் தூக்கிப் பாத்துச் சொல்லுங்கோ, எவ்வளவு இருப்பான் எண்டு. நான் அதைத்தான் முதல்ல எழுதுவன். பிறகு தராசில போடுவம்."

பிரியதர்சினி பிள்ளையைத் தூக்கினாள். இடுப்பில் வைத்தாள். மற்ற இடுப்புக்கு மாற்றினாள். இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே பிடித்து நெடுநேரம் நின்றாள். பிள்ளை தயாவின் பக்கம் துள்ளிக்கொண்டே இருந்தான்.

"தெரியேல்லை மிஸ்," என்றாள். "தராசிலயே போடுங்கோ."