முதுகுப் பக்கம்

"இடுப்ப நான் புடிச்சுக்கறேன், நீங்க காலப் புடிங்க," என்றான் வெற்றிச்செல்வன்.

கொரட்டூர் அடுக்ககத்தின் லிஃப்ட் நாலு பேர் நின்றுகொண்டு போகக் கட்டியது. படுத்துக்கொண்டு போகிறவர்களைப் பற்றிக் கட்டியவர் யோசிக்கவில்லை. ஆகவே காலையில் இறந்துபோன சரசா சிஸ்டர், மூன்றாம் மாடியிலிருந்து போர்வையில் படிவழியே இறங்கினார். மகன் வெற்றி போர்வையை அவர் முதுகோடு இறுக்கிப் பிடித்திருந்தான். பாசம் என்று எல்லோரும் நினைத்தார்கள். அந்த முதுகின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு புண் இருந்தது. அது தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

வேறு யாருடைய அம்மாவாக இருந்தாலும் படுக்கைப் புண் என்று சொல்லிவிட்டுப் போகலாம். சரசா சிஸ்டர் அரசு ஆஸ்பத்திரியில் மேட்ரனாக இருந்தபோது அதை எதிர்த்தே ஒரு யுத்தம் நடத்தியவர். "அது நோயாளியோட வியாதி இல்ல, வார்டோட வியாதி" என்று பெரிய டாக்டர்களின் முகத்துக்கு நேரே சொன்னார். தூக்கியடித்தார்கள், திரும்பி வந்தார். படுத்தவர்களை நேரம் தவறாமல் புரட்டிவிட, ராத்திரி டூட்டிக்குக் கூடுதல் ஆள் கேட்டுப் போராடி வாங்கினார். மாவட்டம் முழுக்க அதுவே வழக்கமாயிற்று.

பக்கவாதத்தில் பேச்சு போனபின், புரட்டச் சொல்லி அவர் கட்டில் கம்பியை விரலால் தட்டுவார். பார்த்துக்கொள்ள வந்த பெண் பாதியில் நின்றுவிட, "நானே பாத்துக்கறேன்" என்று வெற்றி உறவில் எல்லோருக்கும் சொன்னான். பாராட்டும் வாங்கிக்கொண்டான். ஆபீஸ் வேலை அடுத்த அறையில். "ஒரு நிமிஷம்மா" என்பான். அந்த நிமிஷம் மத்தியானம்வரை நீளும். தட்டுகிற சத்தம் மீட்டிங்கில் கேட்கிறது என்று ஒருநாள் கம்பியில் துண்டைச் சுற்றிவைத்தான். அதன்பிறகு சத்தம் வரவில்லை. அம்மாவுக்குத் தேவலை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்ள அது வசதியாகவும் இருந்தது.

கீழே, கார் நிறுத்துமிடத்தில், குடியிருப்போர் சங்கச் செயலாளர் ரகுநாதன் தன் கார் போக மட்டும் வழிவிட்டு ஷாமியானா போடவைத்திருந்தார். ஆவடியிலிருந்து அம்மாவிடம் வேலை கற்ற நர்ஸுகள் வந்து இறங்கினார்கள். எல்லோரும் ரிட்டயர் ஆனவர்கள். மூத்தவளான முத்தம்மாள் முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"தண்ணி எட்த்தாங்க. சிஸ்டர நாங்கதான் குளிப்பாட்டுவோம்."

வெற்றி குறுக்கே வந்தான். "வேணாம் ஆன்ட்டி. சும்மா தலைல தெளிச்சா போதும். ஒடம்பெல்லாம் நனைய வேணாமே."

"இன்னாடா, செத்தவங்களுக்கு சளி புடிக்குமா?"

யாரோ சிரித்துவிட்டு, சாவு வீடு என்று ஞாபகம் வந்து இருமினார்கள்.

"இல்ல, டாக்டரே சொன்னாரு..."

"உங்கம்மா கையில திட்டு வாங்காத டாக்டரு எவன்டா அவன்? தள்ளு."

புடவைகளை விரித்துத் திரையாகப் பிடித்தார்கள். தண்ணீர்ச் சத்தம். சீயக்காய் வாசனை. பேச்சு.

"பெட்ஷீட்ல ஒரு சுருக்கம் இருந்தா போதும், இந்தம்மா நம்மள உண்டு இல்லன்னு பண்ணிடும்."

"உன்னியாச்சும் திட்டிச்சு. என்னிய அந்த பெட்டுல படுக்கவெச்சுக் காட்டிச்சு."

"சரி, அந்தாண்ட புடி. முதுகு தேய்க்கணும்."

பேச்சு நின்றது. தண்ணீரும் நின்றது.

வெற்றி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது கத்துவார்கள். கத்தினால் தேவலை என்றிருந்தது.

திரை விலகியது. முத்தம்மாள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டைப் பொத்தானைப் பார்த்துப் பேசினாள்.

"ஊட்ல பஞ்சு, கட்டுத்துணி, பிளாஸ்டர் எதுனா கீதா?"

மூன்று மாடியும் ஓடினான். எல்லாம் இருந்தது, உறை பிரிக்காமல். கொண்டுவந்து நீட்டினான். ஒரு ஈரக் கை வாங்கிக்கொண்டது.

"ஆன்ட்டி, நான்..."

"அப்டி ஓரமா நில்லுப்பா."

திரை மூடிக்கொண்டது. உள்ளே குரல்கள் தணிந்திருந்தன.

"மெதுவா. மெதுவா ஒத்தி எடு. வலிக்கப் போவுது."

சுடுகாட்டு வண்டியின் டிரைவர் வந்து வெற்றியின் தோளைத் தொட்டார். "இன்னும் எம்மா நேரம் ஆவும் சார்?"

திரைக்குப் பின்னால் பிளாஸ்டரை ஒவ்வொரு துண்டாகக் கிழித்துக்கொண்டிருந்தார்கள்.