முதுகுப் பக்கப் படம்

பாடம் எடுக்கும் நாள்களில் கோப்பாயில் அந்த ஒரு வளவில் மட்டும் தண்ணீர் மோட்டர் ஓடாது. சிவகரன் வெங்காயத்துக்குப் பாதித் தண்ணீர் கட்டியபடியே மோட்டரை நிறுத்திவிட்டு, கிணற்றடியில் குந்தியிருந்து காகம் கலைப்பான். உள்ளே அவன் மனைவி உதயகலா வெட்டு மேசையில் துணியை விரித்து, மேலே கம்பியில் கட்டித் தொங்கவிட்ட கைபேசிக்குத் தையல் சொல்லிக்கொடுப்பாள். முகம் படத்தில் வராது. இரண்டு கைகளும் குரலும் மட்டும்தான். இடது பெருவிரலில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு ஒன்று பளிச்சென்று தெரியும். படிக்கிற பெண்கள் அதை வைத்துத்தான் அவளை அடையாளம் பிடிப்பார்கள்.

அன்றைக்குச் சாறிச் சட்டைக்குக் கைவெட்டு வளைத்துக் கீறிக்கொண்டிருந்தாள். படலை கிறீச்சிட்டது. இனி இதை முதலிலிருந்து எடுக்கவேண்டும் என்று எரிச்சலோடு நிமிர்ந்தால், பண்டத்தரிப்பு நிவேதனா முற்றத்தில் நிற்கிறாள். இணையத்தில் அவளிடம் தையல் படிக்கிற பிள்ளை. மருதனார்மடச் சந்தையில் தழும்பைக் கண்டுபிடித்து ஓடிவந்து கையைப் பிடித்துச் சிரித்தவள். இப்போது முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. கதிரையைக் காட்டியும் இருக்கவில்லை. கைபேசியை மட்டும் நீட்டினாள்.

முகநூல் விளம்பரம். வீட்டிலிருந்தே தையல் படியுங்கள் என்று கொட்டை எழுத்து. அதன் கீழே அரைகுறையாகத் தைத்த சட்டையோடு ஒரு பெண்ணின் முதுகு. கொளுவி திறந்திருக்கிறது, தோளில் குண்டூசிகள், கைகள் மேலே தூக்கியபடி. எதிரே இருந்த கண்ணாடியில் நிவேதனாவின் பாதி முகம் தெரிந்தது. அந்தப் பாதி போதும், ஊருக்கே ஆளைத் தெரிந்துவிடும்.

உதயகலா கைபேசியை வாங்கிக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள். அது அவளுக்கென்று நிவேதனா அனுப்பிய படம். மூன்றாம் பாடத்தில் எல்லாரும் சட்டையை ஓட்டுத்தையல் போட்டு உடுத்தி, முதுகுப் பக்கத்தைப் படமெடுத்து வகுப்புப் பக்கத்தில் போடவேண்டும். துணி எங்கே இழுக்கிறது என்று வேறு எப்படிப் பார்ப்பது? பெண்கள் கூச்சப்படுவார்கள் என்று அவளுக்குத் தெரியாதா. வீட்டுக்கு வருகிறவர்களை அளவெடுக்கும்போது சிவகரன்கூட அந்தப் பக்கம் வரமாட்டான். ஒருத்தியின் அளவை இன்னொருத்தியின் காதில் விழ அவள் இன்றுவரை சொன்னதில்லை, அக்காள் தங்கையாக இருந்தாலும்தான். அதனால் பாடத்திலேயே வாய்விட்டு ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். அந்த வாக்கை நம்பித்தான் பெண்கள் படம் போட்டார்கள்.

விளம்பரத்தைக் கத்தாரில் இருக்கும் நிவேதனாவின் புருசனுக்கு யாரோ அனுப்பிவிட்டார்கள். மாமியார் தையல் மெசினைத் தூக்கி அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். படம் போகும்வரை அதைத் தொடக்கூடாதாம். தீபாவளிக்குத் தைக்கவென்று அயலார் கொடுத்த துணியெல்லாம் திரும்பிப் போகத் தொடங்கிவிட்டது.

"ஒருத்தரும் பாக்கமாட்டினம் எண்டு சொன்னனீங்கள், ரீச்சர்" என்றாள் நிவேதனா. குரலில் கோபம்கூட இல்லை. திட்டியிருந்தால் உதயகலா தாங்கியிருப்பாள்.

"படம் போகும், பிள்ளை. நான் எடுப்பிப்பன்."

அடுத்தநாள் விடிய யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறினாள். அவளுடைய பாடங்களை இணையத்தில் நடத்துகிற கொம்பனியின் அலுவலகம் ஒரு கைபேசிக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. அங்கே கோகுலன் என்ற ஒரே ஒரு பெடியன்தான். நல்ல பெடியன், தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் கதையைத் தொடங்கினான்.

"படிக்கிறவையின்ரை படங்களை விளம்பரத்துக்குப் பாவிக்கலாம் எண்டு நிபந்தனையிலை கிடக்கு, அக்கா. அவையிட்டைச் சம்மதம் வாங்கித்தான் படம் போடுவிக்கிறன் எண்டு நீங்கள் ஓம் சொல்லியிருக்கிறியள்."

"நான் எப்ப சொன்னனான்?"

அவன் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினான். திகதி, மணி, நிமிடம் எல்லாம் கிடந்தது. போன வருச விஜயதசமி.

அந்தக் காலை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஏடு தொடக்குகிற நாளிலேதான் பாடமும் தொடங்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் அவள்தான். ஐயர் குறித்துக் கொடுத்த நல்ல நேரம் முடியப்போகிறது. சிவகரன் கற்பூரத்தை வைத்துக்கொண்டு அவதிப்படுத்துகிறான். கைபேசியிலோ இங்கிலீசில் நிபந்தனைகள், தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. இதையெல்லாம் இருந்து வாசித்தால் நேரம் தப்பிவிடும் என்று விரலால் ஒரே இழுவையாக இழுத்து, அடியில் கிடந்த பெட்டிக்குள் சரி போட்டாள். பிறகு கைபேசிக்குச் சந்தனப் பொட்டும் வைத்துக் கும்பிட்டார்கள். அந்த நல்ல நேரம் கொம்பனியின் கணினியில் ஒரு நிமிடமும் பிசகாமல் பதிவாகியிருந்தது.

பொலிசுக்குப் போனால் முதலில் அவளைத்தான் கேட்பார்கள் என்று கோகுலன் தயங்கித் தயங்கிச் சொன்னான். படத்தை எடுக்க ஒரே வழிதான் உண்டு. அவளுடைய பக்கத்துக்குள் போய்க் கேட்கவேண்டும். கொழும்பில் இருக்கிற கொம்பனிக்காரர் அதை எடுத்துவிடுவார்கள். ஆனால் இந்தக் கிழமை புது நிபந்தனைகள் வந்திருக்கின்றன. அவற்றை ஏற்றுக்கொண்டால்தான் பக்கம் திறக்கும்.

"இப்பவே அமத்துங்கோ அக்கா, ஒரு நிமிச வேலை."

"இல்லைத் தம்பி. இந்த முறை வாசிச்சுப்போட்டுத்தான்."

கோகுலன் சிரித்தான். இதை வாசித்த ஒருவரையும் தான் இன்னும் காணவில்லை, தானும் வாசிக்கவில்லை என்றான்.

புதன்கிழமை காலை நிவேதனா மறுபடி வந்தாள். இரண்டு பேரும் வெட்டு மேசையின் இரு பக்கமும் இருந்து வாசித்தார்கள். கைபேசி இங்கிலீசைத் தமிழாக்கிக் கொடுத்தது. அந்தத் தமிழைத் தமிழாக்க நிவேதனா வேண்டியிருந்தது. விளங்காத வரியைப் பிரித்துப் பார்த்தார்கள், மறுபடி பொருத்திப் பார்த்தார்கள். சிவகரன் கொண்டுவந்து வைத்த பிளேன்ரீ ஆறிப்போனது. உச்சி வெயில் ஏறுகிறபோது எல்லாம் வெளித்துவிட்டது.

இதுவரை எடுத்த பாடங்கள் என்றைக்கும் கொம்பனிக்கே. குரலும் கையும் கொம்பனிக்கே, அவள் விலகிப் போனாலும்தான். வேண்டிய இடத்தில் வெட்டலாம், ஒட்டலாம். படிக்கிறவர்களின் பெயரும் நம்பரும் கொம்பனியின் சொத்து. அதே பாடத்தை அவள் வேறு எங்கேயும் இணையத்தில் படிப்பிக்கக்கூடாது. ஏற்காவிட்டால் பக்கம் பூட்டியபடி கிடக்கும். முதுகுப் படமும் ஊர் சுற்றிக்கொண்டே இருக்கும்.

நிவேதனா கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். "வேண்டாம் ரீச்சர். எல்லாம் போயிடும்."

உதயகலா மேசையில் கிடந்த சோக்கை உருட்டினாள். எத்தனை காலை மோட்டரை நிறுத்தி, வெங்காயத்தை வாடவிட்டு எடுத்த பாடங்கள். நெஞ்சு பொறுக்கவில்லைத்தான்.

"பாடம் என்ரை. அதைக் குடுக்கிறதும் விடுறதும் என்ரை பாடு" என்றாள். "முதுகு உன்ரை, பிள்ளை. அதைக் குடுக்க எனக்கு ஆர் உரிமை தந்தது?"

கைபேசியை நிமிர்த்தினாள். வாசலில் நின்ற சிவகரன் அவசரமாகக் குரல் கொடுத்தான். "இஞ்சரும், இப்ப ராகுகாலம். ஒண்டரைக்குப் பிறகு அமத்துமன்."

"நல்ல நேரத்திலை அமத்தின சீரைப் பாத்தாச்சு" என்றாள் உதயகலா.

சரி போட்டாள். பக்கம் திறந்தது. படத்தை எடுக்கச் சொல்லி நிவேதனா எழுத்துக் கூட்டிக் கொடுக்க, தன் விரலாலேயே எழுதி அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை படம் போய்விட்டது. மத்தியானம் நிவேதனாவின் அழைப்பு வந்தது. பேச்சை முந்திக்கொண்டு மெசின் கடகடக்கும் சத்தம் கேட்டது. வேண்டுமென்றே பக்கத்தில் வைத்து ஓட்டிக்காட்டினாள் கள்ளி. உதயகலா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையைப் பார்த்துத் தைக்கச் சொன்னாள்.

பின்னேரம் வெளியே மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கொம்பனிக்கு இனிப் பாடம் எடுப்பதில்லை, அதை நிறுத்த ஒரு தேவையும் இல்லை. உதயகலா பள்ளிக்கூடச் சட்டை ஒன்றுக்கு விளிம்பு மடித்தபடி, படம் வேறு எங்கேயாவது கிடக்கிறதா என்று முகநூலைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அதே கொட்டை எழுத்து மறுபடி வந்தது. கீழே முதுகு இல்லை. இரண்டு கைகள் துணியை நீவிக்கொண்டிருந்தன. பெருவிரலில் தழும்பு. அதில் மோட்டர்ச் சத்தம் இல்லை, ஒரு காகம்கூட இல்லை.

"முதுகுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கோ பிள்ளையள். வெக்கப்படாதேங்கோ. என்னைத் தவிர வேறை ஒருத்தரும் பாக்கமாட்டினம்."

மடித்த துணியை மேசையில் போட்டுவிட்டுக் கீழே தள்ளிப் பார்த்தாள். விளம்பரத்துக்குக் கீழே ஊர் பேர் தெரியாத பெண்கள் எப்படிச் சேருவது என்று கேட்டிருந்தார்கள். கொம்பனி ஒவ்வொருத்திக்கும் பதிலுக்கு ஒரு பூப் படம் போட்டிருந்தது.

உதயகலா அதே இடத்தில் எழுதினாள். 'படம் அனுப்பாதேங்கோ. உந்தக் குரல் என்ரை குரல். நான்தான் சொல்லுறன், அனுப்பாதேங்கோ.' எழுதியது கொஞ்ச நேரம் நின்றது. பிறகு காணவில்லை. இன்னொரு தரம் எழுதினாள். அதுவும் போனது. கதிரையை இழுத்து நிமிர்ந்து இருந்துகொண்டு திரும்பவும் முதல் எழுத்திலிருந்து தொடங்கினாள்.

விளம்பரம் முடிந்து தன்பாட்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. அவள் எழுதிக்கொண்டிருக்கும் விரலுக்கு மேலே, அதே தழும்போடு அவளுடைய கை துணியை நீவியது. வெக்கப்படாதேங்கோ பிள்ளையள் என்றது அவளுடைய குரல்.