மார்கழியில் வந்த குஞ்சுகள்

மார்கழியில் கோழிக்குஞ்சு வேண்டாம் என்று இளவரசி முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டாள்.

புதூர்நாட்டுக்கு மேலே, ஜீப் மட்டுமே ஏறுகிற சின்ன ஊர் அவளுடையது. ஊரின் மகளிர் குழுவில் பன்னிரண்டு பேர். எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்பதால் தலைவி பதவி கேட்காமலே அவள் தலையில் விழுந்திருந்தது. புருஷன் மணிவேல் குடகில் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருந்தான். சாமை அறுத்தாகிவிட்டது, புளி உலுக்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது. கை சும்மா இருந்த அந்த நேரம் பார்த்துத்தான் மலைச்சுடர் அறக்கட்டளைக்காரர்கள் ஜீப்பில் வந்து இறங்கினார்கள்.

பேசியது சதீஸ்குமார். இருபத்தேழு வயது இருக்கும். திருப்பத்தூர் அலுவலகத்திலிருந்து வந்தவன். வார்த்தைக்கு வார்த்தை அக்கா போட்டான்.

"வூட்டுக்கு அம்பது குஞ்சு, ஒரு கூண்டு, ரெண்டு பல்பு, ஒரு தெர்மாமீட்டர், ஒரு மூட்டை தீவனம். எல்லாமே இலவசம்க்கா. மார்கழி பத்தாம் தேதி குடுக்கறோம்."

"மார்கழி வேணாம் சார்," என்றாள் இளவரசி. "மாசி, பங்குனில குடுங்க. எங்க கோழியே இந்தக் குளிர்ல அடைக்கு உக்காராது."

சதீஸ்குமார் சிரித்தான். கேலிச் சிரிப்பு இல்லை. சின்னப் பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தருகிறவனின் சிரிப்பு. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"குஞ்சுக்கு வேண்டியது தொண்ணூத்தஞ்சு டிகிரி சூடுக்கா. அதைப் பல்பு குடுத்துடும். வெளிய குளிரா இருந்தா இன்னா, வெயிலா இருந்தா இன்னா? இதெல்லாம் சயின்ஸ்."

"எங்கூர்ல பல்பு எரியறதப் பாத்திருக்கியா சார்?" என்று பின்வரிசையிலிருந்து மங்கம்மாள் கேட்டாள். ஐம்பது வயதுக்காரி, இளவரசிக்குப் பக்கத்து வீடு, வாய்க்குப் பூட்டு கிடையாது. கூட்டம் சிரித்தது. சதீஸ்குமாரும் சேர்ந்து சிரித்தான். ஆனால் கையிலிருந்த நோட்டில் எதையும் எழுதிக்கொள்ளவில்லை.

மார்கழி பத்தாம் தேதி காலை ஏழு மணிக்கே ஜீப்புகள் வந்துவிட்டன. பள்ளிக்கூட மைதானத்தில் எதிரே நிற்கிற ஆள் தெரியாத அளவுக்குப் பனி மூட்டம். மூங்கில் நட்டு பேனர் கட்டினார்கள். குஞ்சுப் பெட்டிகளை வரிசையாகத் தரையில் இறக்கி, போட்டோவுக்கு வாகாக மூடிகளையும் திறந்து வைத்தார்கள். பிறந்து மூன்றே நாளான குஞ்சுகள். பஞ்சுபோல இருந்த முடி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பனியில் நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது.

"மூடியாவது போடுங்க சார்," என்றாள் இளவரசி.

"கெஸ்ட் வந்துட்டே இருக்காருக்கா. அஞ்சு நிமிசம்."

அந்த ஐந்து நிமிடம் ஒன்பதரை வரைக்கும் நீண்டது. தலைமை விருந்தினர் வந்தார். சால்வை போர்த்தினார்கள், அவர் அதைக் கழற்றவே இல்லை. பன்னிரண்டு பெண்களும் ஆளுக்கொரு பெட்டியைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். "சிரிங்கம்மா" என்றான் கேமராக்காரன். இளவரசியின் கையிலிருந்த பெட்டி முழுதும் நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் சிரிக்கவில்லை.

கூண்டு வேறு அவளுக்கு வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. நாலு பக்கமும் கம்பி வலை, மேலே தகரம். கீழே, வெயில் ஊரில், காற்று நன்றாக வந்துபோக வேண்டுமென்று யோசித்துச் செய்த கூண்டு. அதே காற்றோட்டத்தை மலைமேலும் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் சாக்கும் பழைய புடவையும் சுற்றிக் கட்டினாள். சாயங்காலம் ஊரில் எல்லா வீட்டிலும் பல்பைப் போட்டபோது, இரண்டு பல்பும் சேர்ந்து பீடிக் கங்கு அளவுக்குச் சிவந்தன. அதற்குமேல் ஏறவில்லை. கரண்ட் வருகிற லட்சணம் ஊருக்குத் தெரிந்ததுதான். அன்றைக்குப் பன்னிரண்டு வீட்டில் இருபத்து நாலு பல்பு வேறு கூடிவிட்டது.

குளிர் எடுத்தால் குஞ்சு ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அடியில் இருப்பது மூச்சு முட்டிச் சாகும். மேலே இருப்பது விறைத்துச் சாகும். விடிந்தபோது இளவரசியின் கூண்டில் இருபத்தாறு செத்துக் கிடந்தன. மிச்சத்தைக் கூடையில் அள்ளி அடுப்படிக்குக் கொண்டுபோனாள். ஈர முடியைத் துணியால் ஒற்றினாள். மடியில் போட்டுக்கொண்டு அடுப்பெதிரே உட்கார்ந்தாள். கண் திறந்து பார்க்கும், கத்தும், அப்படியே தலை சாய்ந்துவிடும். மூன்றாம் நாள் அவளிடம் மிஞ்சியது பதினொன்று. மங்கம்மாள் வீட்டில் ஒன்றுகூட இல்லை. ஊருக்கு வந்த அறுநூறில் உயிரோடிருந்தவை முப்பத்து நாலு.

செத்ததில் இரண்டைப் பாலிதீன் பையில் போட்டு எடுத்துக்கொண்டு, புதூர்நாட்டில் கால்நடை டாக்டர் ஜோஹராவிடம் நடந்தே போனாள். வாணியம்பாடியிலிருந்து வாரம் இரண்டு நாள் மலைக்கு வருகிறவர். அவர் அறுத்துப் பார்த்தார்.

"நோய் எதுவும் இல்லம்மா. தீனிப்பை நிறைய தீனி இருக்கு. நீங்க பட்டினி போடல. குளிர்தான்." சொன்னதோடு நிறுத்தாமல் ஒரு தாளில் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வைத்துக் கொடுத்தார். இளவரசிக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

பத்து நாள் கழித்து, காலை ஏழு மணிக்கு, சதீஸ்குமார் ஜீப்பில் வந்தான். ஸ்வெட்டர், காதை மூடிய மஃப்ளர். கையில் பன்னிரண்டு படிவம்.

"இதுல கையெழுத்து மட்டும் போட்டுடுங்கக்கா. ஃபைலுக்குத்தான்."

இளவரசி படித்தாள். மேலே அவள் பெயர், குஞ்சுகளின் எண்ணிக்கை. கீழே, இறப்புக்கான காரணம் என்ற இடத்தில் முன்கூட்டியே அச்சடித்திருந்தது: பயனாளியின் பராமரிப்புக் குறைவு.

அவள் மறுபடி படித்தாள். அதற்குள் அவனுக்குப் போன் வந்தது. நாலடி தள்ளிப் போய், குரலைத் தணித்துப் பேசினான். பனியில் சத்தம் நன்றாகக் கேட்கும் என்பது அவனுக்குத் தெரியாது.

"ஆமா சார்... செத்ததுன்னு சொல்றாங்க... யாருக்குத் தெரியும், சாப்ட்டிருப்பாங்க சார்."

இளவரசிக்கு உச்சந்தலை வரைக்கும் ஜிவ்வென்று ஏறியது.

"மூணு நாள் குஞ்ச எவன்யா திம்பான்?" அவள் போட்ட சத்தத்தில் நாலு வீட்டுக் கதவு திறந்தது. "கையில வெச்சா உள்ளங்கை தெரியும், அத்தினியூண்டு! அதுல கறி எங்க இருக்குது, காட்டு! நாங்க இன்னா பேயா, பிசாசா?"

"அக்கா, நான் அப்படிச் சொல்லல..."

"காது செவிடாப் போச்சா எனக்கு? வா இங்க."

அவன் ஸ்வெட்டர் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூண்டுப் பக்கம் கூட்டிப்போனாள். சுற்றியிருந்த சாக்கையும் புடவையையும் பிய்த்துப் போட்டாள். கொடுத்தபோது இருந்த மாதிரியே வெறும் வலையாக நின்றது கூண்டு. அவர்களே கொடுத்த தெர்மாமீட்டரை உள்ளே தொங்கவிட்டு, இரண்டு பல்பையும் போட்டாள். ஊரில் மோட்டார் ஓடுகிற நேரம், பல்பு மினுக்கியது.

"உக்காரு தம்பி. தொண்ணூத்தஞ்சு ஆகட்டும். ஆன உடனே நான் கையெழுத்துப் போடறேன்."

அதுவரை சாராக இருந்தவன் அப்போது தம்பி ஆனதை இருவருமே கவனித்தார்கள். அவன் உட்கார்ந்தான். எழுந்து போயிருக்கலாம், ஆனால் சுற்றிலும் பெண்கள் வந்து நின்றுவிட்டார்கள். ஆரம்பத்தில் ஐம்பத்தெட்டு காட்டியது. அரைமணியில் அறுபத்து மூன்று. ஒரு மணி நேரம் கழித்து அறுபத்தாறு. அவன் கைகளை அக்குளில் செருகிக்கொண்டான். மங்கம்மாள் குனிந்து தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு, "எனக்குப் படிக்கத் தெரியாது சார். நீயே சொல்லு, எத்தினி?" என்றாள்.

அவன் இளவரசியைப் பார்த்து, மெதுவாக, "எனக்கும் தெரியும்க்கா," என்றான்.

"இன்னா தெரியும்?"

"மார்கழில குடுத்தா நிக்காதுன்னு. நீங்க சொன்னப்பவே தெரியும். மேலிடத்துல சொன்னேன். டிசம்பருக்குள்ள குடுத்தாத்தான் இந்த வருச ரிப்போர்ட்ல வரும்னாங்க. தேதிய மாத்த முடியாதுன்னுட்டாங்க."

தெரியாமல் செய்தான் என்றிருந்தால் அவள் அவனை மன்னித்திருப்பாள். கீழேயிருந்து வந்தவன், நம் குளிர் அவனுக்கெப்படித் தெரியும் என்று அவ்வளவு நாளும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது அதற்கும் வழியில்லை. தெரிந்தே கொண்டுவந்திருக்கிறார்கள். தெரிந்தே மூடியைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

"தெரிஞ்சுதான் இந்தத் தாளை அடிச்சு எடுத்துக்கினு வந்தியா?"

அவன் படிவங்களோடு பேனாவையும் அவளிடம் நீட்டினான்.

இளவரசி பேனாவை வாங்கினாள். அச்சடித்த வரியைக் குறுக்கே ஒரே கோடாக அடித்தாள். பக்கத்தில் எழுதினாள்: 'வேண்டாம் என்று சொன்ன மாதத்தில் கொடுத்தார்கள். குளிரில் செத்தது. நாங்கள் பராமரிப்பில் குறை வைக்கவில்லை.' பன்னிரண்டு படிவத்திலும் அதையே எழுதினாள். எழுதத் தெரிந்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள், மற்றவர்கள் கைநாட்டு வைத்தார்கள். எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டுதான் அவனிடம் கொடுத்தாள்.

தை பிறந்ததும் திருப்பத்தூர் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். டாக்டர் கொடுத்த தாளையும் எடுத்துக்கொண்டு இளவரசி தனியாகப் போனாள். மேலாளர் ராஜேந்திரன் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்தார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். டீ சொன்னார். நடுவில் உதவியாளரைக் கூப்பிட்டு, "அந்த ஏசியைக் கொஞ்சம் குறைப்பா, குளிருது," என்றார்.

"இங்க பாரும்மா. எங்க மேலயும் வேணாம், உங்க மேலயும் வேணாம். இயற்கைக் காரணம்னு போட்டுக்கலாம். அதுல கையெழுத்துப் போட்டா உங்க குழுவுக்கு மறுபடி குஞ்சு குடுக்கறோம்."

இளவரசி டீயைத் தொடவில்லை.

"இயற்கையா சார்? அந்தக் குளிரு நீங்க வர்றதுக்கு முன்னாடியே அங்க இருக்குது. வருசா வருசம் வருது, சொல்லிட்டுத்தான் வருது. திருட்டுத்தனமா வந்து குஞ்ச கொல்லல. அது மேல எதுக்குப் பழி போடறீங்க?"

"அப்போ யார் மேல போடச் சொல்றே?"

"தேதி போட்டது யாரோ, அவங்க பேர எழுதுங்க."

ராஜேந்திரனின் முகம் மாறியது. "இப்படி முரண்டு பிடிச்சா எதுவும் கிடைக்காதும்மா."

"இப்ப உங்களுக்குக் குளிருச்சு. வாய் இருக்குது, சொன்னீங்க, குறைச்சாங்க. நாங்களும் வாயத் தொறந்து சொன்னோமே சார். அத யார் கேட்டா?"

அவள் எழுந்து வந்துவிட்டாள். பஸ்ஸில் வரும்போதெல்லாம், குழுவில் மற்றவர்களுக்குக் கிடைக்க இருந்ததையும் கெடுத்துவிட்டோமோ என்று ஒரு பயம். ஊருக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டது நிஜம். மங்கம்மாள் மட்டும், "போனாப் போவுது போ. அந்தத் தாள்ல கைநாட்டு வெச்சிருந்தா எனக்குச் சோறு இறங்கியிருக்காது," என்றாள்.

அறக்கட்டளை அவர்கள் குழுவைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. வருட மலரில் அந்தப் பனிக்காலைப் போட்டோ மட்டும் வந்தது. அறுநூறு குஞ்சுகள், பன்னிரண்டு பெண்கள், தன்னிறைவு என்று போட்டிருந்தார்கள். எத்தனை பிழைத்தன என்று அதில் இல்லை.

பங்குனியில் புளி உடைத்துக்கொண்டிருந்தபோது மங்கம்மாள் ஒரு சேதி கொண்டுவந்தாள். அவள் தங்கை வாழ்க்கைப்பட்ட ஊரில், மலையின் அந்தப் பக்கம், அதே அறக்கட்டளை குஞ்சு கொடுத்திருக்கிறதாம். கூண்டில் மூன்று பக்கம் பலகை அடித்து, பல்போடு கரி அடுப்பும் கொடுத்திருக்கிறார்களாம்.

"நீ சொன்னதத்தான் செஞ்சிருக்கானுங்க. ஒருத்தனாவது உன் பேரச் சொன்னானா?"

"குஞ்சுங்க பொழச்சுதா அத்தே?"

"ஒண்ணு ரெண்டு போவ, எல்லாம் பொழச்சுதாம்."

இளவரசி புளியங்கொட்டையைத் தட்டி எடுத்து ஓரமாகப் போட்டாள். குஞ்சு பிழைத்ததில் அவளுக்குச் சந்தோஷம்தான். பொய் சொல்ல முடியாது. ஆனால் அடுத்த கொட்டையை எடுப்பதற்குள் கோபம் திரும்பி வந்துவிட்டது. மூன்று மாதம் பொறுத்திருந்தால் போதும். மூன்று பக்கம் பலகை, ஒரு கரி அடுப்பு. அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது. அந்த அறுநூறு குஞ்சுக்கு அதற்குக்கூடவா தகுதி இல்லாமல் போயிற்று? இன்னும் அந்த ஃபைலில் பன்னிரண்டு பேர் பெயருக்கு எதிரே என்ன எழுதி வைத்திருக்கிறார்களோ?

கையைக் கழுவிவிட்டு வந்து, பெட்டியிலிருந்து டாக்டர் தாளையும் ஒரு வெள்ளைத் தாளையும் எடுத்தாள்.

"திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு வாங்குவாங்க. போய்ட்டு வரலாம்னு இருக்கேன். நீயும் வர்றியா அத்தே?"

"எதுக்கு, கைநாட்டு வெக்கவா?"

"இல்ல. பேசறதுக்கு."

மங்கம்மாள் முறத்தை ஓரமாக வைத்துவிட்டு, "காலையில எத்தினி மணி ஜீப்பு?" என்று கேட்டாள்.