வடக்கே போகட்டும்

விசாகப்பட்டினத்துக்குப் போகும் யோசனை அருள்மொழியுடையது. எட்டாம் வகுப்புப் படிக்கிற பெண், மலைமேல் நீலமும் மஞ்சளும் ரோஸுமாக வீடுகள், கீழே துறைமுகம், கரையேற்றி வைத்த நீர்மூழ்கிக் கப்பல் என்று போனில் காட்டிக் காட்டியே அப்பாவைக் கரைத்துவிட்டாள். கடலூர் முதுநகரில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்த அறிவழகனுக்குத் துறைமுகம் புதிதல்ல. ஆனால் மலையும் கடலும் ஒட்டி நிற்பதை அவன் பார்த்ததில்லை. மூன்று பேருக்கும் டிக்கெட் போட்டாயிற்று. எந்தப் பக்கம் தங்கினால் ஜன்னலில் கப்பல் தெரியும் என்று தகப்பனும் மகளும் சாப்பிட்ட கை காயக் காய விவாதித்து, மலைமேல் ஒரு லாட்ஜைப் பிடித்தார்கள். இதுகளுக்கு வேறு வேலை இல்லை என்று அவன் மனைவி இளமதி சிரித்துக்கொண்டே துணிகளை எடுத்து வைத்தாள்.

கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது வங்கக்கடலில் புயல் சின்னம் வந்து உட்கார்ந்தது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறும் என்றார்கள். துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறியது. கூண்டைப் பார்த்தால் வெளியூர்க்காரன் பயப்படுவான். கடலூர்க்காரன் மெழுகுவத்தி வாங்கக் கிளம்புவான். அறிவழகனுக்குக் கடையில் வியாபாரம் பறந்தாலும் மனசெல்லாம் காடாம்புலியூர் முந்திரித் தோப்பில் கிடந்தது. அவன் அப்பா வைத்த மரங்களை 2011இல் ‘தானே’ என்று பெயர் வைத்த புயல் வேரோடு சாய்த்துவிட்டுப் போயிருந்தது. அதே குழிகளில் அவன் வைத்த கன்றுகள் இப்போதுதான் நல்ல காய்ப்புக்கு வந்திருந்தன. கிளைகளைக் கழித்துவிட்டால் காற்று முட்டி நிற்காமல் புகுந்து போய்விடும். அதற்கு அவன் கூடவே நிற்க வேண்டும்.

இளமதி பயணத்தையே விட்டுவிடலாம் என்றாள். இல்லாவிட்டால் சிதம்பரத்தில் அம்மா வீட்டில் இருந்துகொள்கிறோம், மாடி வீடுதானே என்றும் சொல்லிப் பார்த்தாள். சிதம்பரமும் இதே கரைதான், தண்ணீர் சூழ்ந்தால் யார் வருவார்கள் என்று அவன் மறுத்துவிட்டான். புயல் இங்கே அடிக்கிற நேரம் பெண்டாட்டி பிள்ளை விசாகப்பட்டினத்தில் இருப்பதைவிடப் பத்திரம் வேறு ஏது என்பது அவன் கணக்கு.

"அங்கயும் ஒருவாட்டி அடிச்சி ஊரே அலங்கோலமாச்சின்னாங்களே" என்றாள் இளமதி.

"அது எப்பவோ. இந்தவாட்டி நமக்குத்தான்னு சொல்லிட்டாங்க. நீங்க கெளம்புங்க, நான் தோப்பப் பாத்துக்குறேன்."

சொல்லும்போது அவன் குரலில் ஒரு பெருமைகூட இருந்தது. புயல் விஷயத்தில் கடலூர்க்காரனுக்கு யாராவது பாடம் எடுக்க முடியுமா?

அப்பா வரவில்லை என்று அருள்மொழி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ரயில் நகர்ந்த பிறகுதான் கையை ஆட்டினாள். அவர்களை ஏற்றிவிட்டு அப்படியே வண்டியைத் தோப்புக்கு விட்டவன், வழியில் திருவதிகையில் இறங்கினான். வீரட்டானேஸ்வரர் சன்னதியில் அன்று முந்திரிக்காரர்கள் கூட்டம். வேண்டுதல் எல்லாருக்கும் ஒன்றுதான். மழையைக் கொடு, காற்றை மட்டும் வடக்கே தள்ளிவிடு. எத்தனையோ வருஷம் அப்படியே நடந்தும் இருக்கிறது. ஆந்திராவுக்குப் போய்விட்டது என்று டிவி சொன்னதும் டீக்கடையில் ஒருவன் முதுகை ஒருவன் தட்டிக்கொள்வான். தள்ளிய இடத்திலும் ஆள் இருக்கிறான் என்று ஒருத்தனும் நினைத்ததில்லை. அறிவழகனும் அந்த ஒருத்தன்களில் ஒருவன்தான். கண்ணை மூடியதும் வாய் பழக்கத்தில் அதையே சொன்னது. விபூதியைப் பூசிக்கொண்டு நிம்மதியாக வண்டியை எடுத்தான்.

மறுநாள் லாட்ஜிலிருந்து அருள்மொழி பேசினாள். கோபமெல்லாம் போயிருந்தது. படத்தில் பார்த்தது போலவே வீடுகள் இருக்கின்றன, ஜன்னலில் கப்பல் தெரிகிறது என்றாள். "கடல்தான் ஒரு மாதிரி கறுப்பா இருக்குப்பா. யாரையும் கிட்டப் போவ வுட மாட்டேங்குறாங்க." எல்லாம் நம்ம புயலின் வேலை, அங்கே ஒன்றும் ஆகாது என்று அவன் தைரியம் சொன்னான்.

அதற்கு அடுத்த நாள் காலை, பாதித் தோப்புக் கழித்து முடிந்திருந்தது. பக்கத்துத் தோப்புக்காரர் கொளஞ்சி, உறவில் மாமா, வரப்பில் சிரித்துக்கொண்டே வந்தார்.

"மாப்ள, ராத்திரியே திரும்பிடுச்சாம். விசாகப்பட்டினத்துல ஏறப் போவுதாம். சாமி கேட்டுடுச்சி பாத்தியா."

ஆட்கள் அரிவாளைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். ஒருவன் துண்டை உதறித் தலையில் கட்டினான். அறிவழகன் போனைத் தேடி எடுத்தான்.

"அவுங்க ரெண்டு பேரும் அங்கதான் இருக்காங்க மாமா."

கொளஞ்சிக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் ஆட்களைப் பார்த்துக் கையமர்த்தினார்.

பல தடவை அடித்த பிறகு இளமதி எடுத்தாள். பின்னால் ஒரு இரைச்சல். அது கடலா காற்றா என்று அவனுக்குத் தெரியவில்லை. ரயிலெல்லாம் நிறுத்திவிட்டார்கள், கப்பல் தெரிந்த ஜன்னல் கண்ணாடி உடைந்துவிட்டது, எல்லாரையும் கீழ்த்தளத்துக்கு வரச் சொல்கிறார்கள், மலையிலிருந்து மண் சரிகிறது என்கிறார்கள் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். அருள்மொழி அழுவது கேட்டது. "சிதம்பரத்துலயே இருந்திருக்கலாங்க" என்றாள். குறை சொல்வது போலக்கூட இல்லை. அத்தோடு லைன் போய்விட்டது.

மறுபடி அடித்தான். ஒரு பெண் குரல் தெலுங்கில் ஏதோ சொன்னது. புரியாவிட்டாலும் முழுக்கக் கேட்டான். மறுபடியும் அடித்தான், அதே குரல்.

தோப்பில் ஓர் இலை அசையவில்லை. ஒரு மரத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிள்ளை போல வளர்த்த மரங்களைப் பார்க்க அவனுக்கு அருவருப்பாக இருந்தது. இங்கேயே திரும்பி வரட்டும், எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு போகட்டும் என்று கேட்க நினைத்தான். வந்த வழியே திரும்புகிற புயலை அவன் கண்டதில்லை. அதற்குப் போக மிச்சமிருந்தது ஒரே பக்கம். அங்கே ஒடிசா. அங்கேயும் எவனோ ஒருவன் மகளுக்குக் கடல் தெரிகிற ஜன்னலாகப் பார்த்துக் கொடுத்திருப்பான். அது அறிவழகனுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகத் தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது.

தெரிந்துகொண்டே திருவதிகைப் பக்கம் திரும்பிக் கையைக் கூப்பினான்.

"இன்னும் கொஞ்சம் வடக்க தள்ளிவுடு சாமி."