அட்டையில் இல்லாத பதினைந்து நாள்

இடுப்பு வலித்தது. ஆனால் வர வேண்டிய வலி அதுவல்ல. வரிச்சிக்குடி வயல்களில் பதினெட்டு வருடம் குனிந்து நட்டதில் உடம்போடு தங்கிவிட்ட வலி அது. ஒரே இடத்தில் உட்கார்ந்து கடிக்கும். பிள்ளை வலி சுற்றிப் பிடிக்கும், விடும், மறுபடி பிடிக்கும் என்று எதிர்க்கட்டில் பெண் அல்லியிடம் சொல்லியிருந்தாள். இரண்டு பேருக்கும் நேற்று ஒரே நேரத்தில்தான் வலி வர ஜெல் வைத்தார்கள். அந்தப் பெண் காலையிலேயே பெற்று, வேறு வார்டுக்குப் போய்விட்டாள். காலிக் கட்டிலில் யாரோ மறந்துவிட்டுப் போன வாழைப்பழத் தோல் கறுத்துக் கிடந்தது.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே நர்ஸ் ராஜத்திடம் சொன்னார்: "முதல் பிள்ளை. வயசு முப்பத்தி நாலு, உசரமும் கம்மி. கர்ப்பவாய் நேத்து மாதிரியே இறுகிக் கெடக்கு. அது இளகாம மருந்து மட்டும் என்ன செய்யும்? துடிப்பு நல்லாத்தான் இருக்கு. நாள் தாண்டி ஆறு நாள்தானே? நாளைக்கு இன்னொரு ஜெல் வச்சுப் பாப்போம்."

ஆறு என்பது கர்ப்ப அட்டையில் எழுதியிருந்த கணக்கு. அல்லியின் கணக்கில் இருபத்தொன்று.

அல்லி நடப்போகும் பெண்கள் செட்டுக்குத் தலைவி அன்னபூரணி. ஐந்தாம் மாதம் பிறந்துவிட்டால் யாரும் சேற்றில் இறங்கக் கூடாது என்பது அவள் வைத்த சட்டம். முன்பு ஒருத்திக்கு வரப்பிலேயே கலைந்துபோனதற்குப் பிறகு வைத்தது. நியாயமான சட்டம்தான். ஆனால் சம்பா நடவு அப்போதுதான் தொடங்கியிருந்தது. புருஷன் தங்கையன் அறுவடை மிஷினோடு தெலங்கானா போய், பணமும் அனுப்பாமல் போனும் பேசாமல் இருந்தான். நடவுக் கூலியை விட முடியாமல் அல்லி கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதியைப் பதினைந்து நாள் தள்ளிச் சொன்னாள். கிராம நர்ஸிடமும் அதையேதான் சொன்னாள். நர்ஸும் அன்னபூரணியும் ஒரே தெரு. முதல் ஸ்கேனுக்கு ஏழாம் மாதம்தான் போனாள். இவ்வளவு தாமதமாக எடுத்தால் முன்னேபின்னேதான் காட்டும், நீ சொன்ன தேதியே இருக்கட்டும் என்று எழுதிக்கொண்டார்கள். நடவு முடிந்து, கதிர் அறுத்து, வயல் காய்ந்தும்விட்டது. பொய் மட்டும் அட்டையில் நின்றது.

மத்தியானத்திலிருந்து வயிற்றுக்குள் அசைவு குறைந்திருந்தது. தூங்குகிறது என்று நினைத்துப் பார்த்தாள். அதை நம்பச் சொல்லவும் பக்கத்தில் ஆள் இல்லை.

"சிஸ்டர், தேதி தப்பு."

ராஜம் திரும்பினாள். "எந்தத் தேதி?"

"நான் குளிச்ச தேதி. இன்னும் பதினஞ்சு நாள் கூட ஆயிருக்கு."

"ஊர ஏமாத்தலாம். வயித்துல கெடக்குறதயுமாடி ஏமாத்துவ?" திட்டிக்கொண்டே ராஜம் ஓடினாள்.

மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். பனிக்குடத்தில் தண்ணீர் வற்றியிருந்தது. இனி ஜெல் கிடையாது, ஆபரேஷன்தான் என்றார் டாக்டரம்மா.

"ஒடம்புல ரத்தம் எட்டுதான் இருக்கு. ஒரு யூனிட் கையில வேணும். குடுக்க ஆள் யாரு வருவா?"

தங்கையன் போன் எடுக்கவில்லை. அல்லிக்கு மனப்பாடமாக இருந்த இன்னொரு எண் அன்னபூரணியுடையது. ராஜம் போட்டுக் கொடுத்தாள். ரத்தம் வேண்டும் என்பதை மட்டும் சொல்லியிருக்கலாம். அல்லி எல்லாவற்றையும் சொன்னாள்.

"சேத்த விட்டுக் கரையேறுடின்னு சொல்லிடுவேன்னுதான மறைச்ச?"

"ஆமாக்கா."

"சொல்லிருப்பேந்தாண்டி. நீ மூச்சு வாங்கி நின்னப்பல்லாம் ஒன் பங்கையும் நாங்கதான நட்டோம். அப்பக்கூட வாயத் தொறக்கலல்ல?"

அதற்குமேல் சத்தமில்லை. அவள் வைத்துவிட்டாளா, சிக்னல் போய்விட்டதா தெரியவில்லை. அல்லி போனைக் காதிலேயே வைத்திருந்தாள். ராஜம்தான் வாங்கிக்கொண்டாள்.

"ரத்த பேங்க்குல என் பேரச் சொல்லி ஒரு பை வாங்கியிருக்கேன். மூணு நாளைக்குள்ள யாராச்சும் வந்து பதிலுக்குக் குடுத்துடணும். மானத்த வாங்கிடாத."

தள்ளுவண்டி நகர்ந்தது. ரத்தப்பை வைத்த பெட்டியை அவள் காலடியில் வைத்திருந்தார்கள். அதன் குளிர் பாதத்தில் பட்டது. செட்டில் பதினோரு பேர். ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தாள். ஒன்றும் அவள் பக்கம் திரும்பவில்லை. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் ராஜத்தின் கையெழுத்து: வரிச்சிக்குடி அல்லி, ஒரு யூனிட் ரத்தம், பாக்கி.