ஐந்தரை மணி வித்தியாசம்

வானொலி அறைக் கடிகாரத்தில் மணி நான்கு. வீட்டின் மற்ற அறைகளில் காலை ஒன்பதரை.

ஸ்ரீவத்ஸன் அந்த ஒரு கடிகாரத்தை மட்டுமே மதித்தார். உலகம் முழுவதும் அமெச்சூர் வானொலிக்காரர்கள் வைத்துக்கொள்ளும் பொது நேரம் அது. இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் ஓடும். பதினைந்து வருடப் பழக்கத்தில், அந்த அறையில் எந்த நேரத்தைப் பார்த்தாலும் அவர் மனம் தானாக ஐந்தரையைக் கூட்டிவிடும். தான் காப்பி கொண்டுவரும்போது தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தால் அதற்கும் ஐந்தரை கூட்டிவிடுகிறார் என்று அவர் மனைவி கனகலக்ஷ்மி சொல்லுவாள்.

மேசைமேல் பள்ளியின் பழைய கம்ப்யூட்டர் இருந்தது. தலைமையாசிரியை பாக்கியலட்சுமி அதைத் தூக்கிப் போட இருந்தார். விண்டோஸ் அதில் ஏறாது, நினைவகம் போதாது. ஸ்ரீவத்ஸன் கேட்டு வாங்கிக்கொண்டார். பள்ளி மொட்டைமாடியில் இருந்த ஓர் அறையை அவருடைய வானொலி மன்றம் ஆறு வருடமாக வாடகையில்லாமல் வைத்திருந்தது. இப்போது அந்த அறை தையல் வகுப்புக்கு வேண்டும் என்று பாக்கியலட்சுமி சொல்லிவிட்டார். ஒரே ஒரு வாய்ப்பு கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை ரஷ்ய விண்வெளி நிலையம் மைசூருக்கு மேலே போகும்போது அதில் இருப்பவர்களின் குரலைக் குழந்தைகள் கேட்க வேண்டும். கேட்டால் அறை மன்றத்துக்கு. இல்லாவிட்டால் தையல் மெஷினுக்கு.

நிலையம் எப்போது மேலே வரும் என்று கணக்கிட ஒரு மென்பொருள் வேண்டும்.

விண்டோஸ் இல்லாத கம்ப்யூட்டர் என்றதும் மன்றத்தில் பலருக்குக் கவலை. ஸ்ரீவத்ஸனுக்கு அது ஒரு தகுதி. பத்திரிகையோடு வந்த குறுந்தகட்டிலிருந்து விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸைப் போட்டார். எந்த ஊர் என்று அது கேட்டது. பட்டியலில் மைசூர் இல்லை, பெங்களூர் இல்லை, டெல்லியும் இல்லை. இந்தியாவுக்கு இருந்தது கல்கத்தா மட்டும். "வெள்ளைக்காரன் இன்னும் ஊருக்குத் திரும்பலை போலிருக்கு" என்று சொல்லி அதைத் தட்டிவிட்டு மேலே போனார்.

பிறகு தேர்வு. முதல் மென்பொருளை ஏற்றப் பாதி நாள் ஆயிற்று; கடைசியில் ஏதோ ஒரு கோப்பு இல்லை என்று நின்றுவிட்டது. எழுதியவன் சோம்பேறி என்றார். இரண்டாவது முழுக்க ஜெர்மன் மொழியில் பேசியது. மூன்றாவது கறுப்புத் திரையில் வெறும் எண்களைக் காட்டியது. படம் இல்லை, நிறம் இல்லை, உலக வரைபடம் இல்லை. அதைத் தேர்ந்தெடுத்தார். விளக்கக் கோப்பு ஒன்றும் கூடவே வந்திருந்தது. விளக்கம் தேவைப்படுகிறவர்களுக்காக எழுதியது என்று விட்டுவிட்டார்.

குருபிரசாத் உள்ளே வந்தான். ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மன்றத்தில் அவனுக்குத்தான் வீட்டில் விண்டோஸ் கம்ப்யூட்டர் இருந்தது. கையில் ஒரு துண்டுச் சீட்டு.

"வெள்ளிக்கிழமை காலைல பத்து பன்னெண்டு சார். தலைக்கு மேலேயே போகுது. உங்களுக்கு என்ன வருது?"

ஸ்ரீவத்ஸன் திரையைக் காட்டினார். வெள்ளி, 10:12.

"அட, ரெண்டும் ஒண்ணு! ஆய்த்து சார், மேடம்கிட்ட சொல்லிடலாம்."

"என்னத்தைச் சொல்றது? ரெண்டும் எப்படி ஒண்ணாகும்?"

"பத்து பன்னெண்டு. பத்து பன்னெண்டு."

"உங்களோடது இந்திய நேரம்னு சொல்றேள். இது பொது நேரம். அஞ்சரை கூட்டுங்கோ. சாயந்திரம் மூணு நாப்பத்திரண்டு."

"நிமிஷம்கூட மாறாம அஞ்சரை மணி தப்பா வருமா சார்?"

"வரும். விண்டோஸ்ல தப்புகூட நன்னா இஸ்திரி போட்டுத்தான் வரும்."

"உங்க பெட்டி எந்த நேரம் காட்டுதுன்னு ஒரு தடவை பாத்துடலாமே."

"குருபிரசாத், இது வானொலிக்காரன் எழுதின புரோகிராம். வானொலிக்காரனுக்கு ஒரே நேரம்தான். உங்க பெட்டில சீட்டாட்டம் இருக்கோன்னோ, அதை ஆடுங்கோ."

குருபிரசாத் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான். சீட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

மறுநாள் ஸ்ரீவத்ஸன் பள்ளிக்குப் போனார். பாக்கியலட்சுமி அவர் சொன்ன நேரத்தை எழுதிக்கொண்டு, "குருபிரசாத் போன் பண்ணாரு, காலைலன்னு சொன்னாரு?" என்றார்.

"அவர் சொல்லுவார். விண்டோஸ் வெச்சிருக்கார்."

"அதுல என்ன சார் தப்பு? ஆபீஸ்லயும் அதானே இருக்கு."

"தெரியறது" என்றார் ஸ்ரீவத்ஸன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குமேல் வீட்டுத் தொலைபேசி அடித்தது. கனகலக்ஷ்மி எடுத்தாள்.

"குருபிரசாத். லீவு போட்டுண்டு ஆத்துல உக்காந்திருக்காராம். நிலையம் மேலே போயிண்டிருக்காம். குரல் நன்னா கேக்கறதாம். ரேடியோவைப் போடச் சொல்றார்."

வானொலி இரண்டடி தள்ளி இருந்தது. ஸ்ரீவத்ஸன் ஒரு கேபிளின் முனையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் ஆத்துல இல்லேன்னு சொல்லு."

அவள் தொலைபேசியில் சொன்னாள்: "ஆத்துல இல்லேன்னு சொல்லச் சொல்றார்."

மாலை மூன்றரைக்கு மணி அடித்தும் பள்ளி கலையவில்லை. ஆறாம், ஏழாம் வகுப்புகள் மொட்டைமாடியில் வரிசையாக உட்கார்ந்தன. வெயில் இறங்கவில்லை. அழைத்துப்போக வந்த பெற்றோர்கள் மாடிப்படியில் நின்றார்கள். ஒரு புகைப்படக்காரரும் வந்திருந்தார். ஸ்ரீவத்ஸன் தன் வானொலியையும் கம்ப்யூட்டரையும் கொண்டுவந்து ஒரு மேசைமேல் வைத்திருந்தார். அறை வாசலில் துணி சுற்றிய நான்கு தையல் மெஷின்கள் ஏற்கனவே இருந்தன.

ஸ்ரீவத்ஸன் பேசினார். ஒருவன் தனக்கான கருவியைத் தானே கட்டிக்கொள்ள வேண்டும், கடையில் விற்பதை வாங்கிப் பொத்தானை அமுக்குகிறவன் கணக்குப் பார்க்கமாட்டான், பொம்மை பார்ப்பான் என்றார். குழந்தைகளுக்குப் புரியவில்லை. குருபிரசாத்துக்காகப் பேசியது அது. அவன் கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றான். தோளில் ஒரு பை.

மூன்று நாற்பத்திரண்டு. ஸ்ரீவத்ஸன் மைக்கில் தன் அழைப்புக் குறியைச் சொன்னார். நிலையத்தை அழைத்தார். இரைச்சல். மறுபடி அழைத்தார். இரைச்சல். ஒரு பையன் அந்த இரைச்சலைப் போலவே செய்து காட்டினான். வரிசை முழுவதும் சிரித்தது.

"ரஷ்யாக்காரங்க தூங்கறாங்களா சார்?" என்றார் பாக்கியலட்சுமி.

"ஸ்வல்ப நேரம் ஆகும் மேடம்."

"எவ்வளவு நேரம்? மேல பத்து நிமிஷம்தான் இருக்கும்னு சொன்னீங்களே."

அவர் திரைப்பக்கம் திரும்பினார். மூலையில் கம்ப்யூட்டர் தன் நேரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. ஒரு வாரமாக அங்கேயே இருந்தது. 15:45.

கூட்டினார். இரவு ஒன்பதே கால் ஆயிற்று.

பாக்கியலட்சுமியின் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான்காக இன்னும் கால் மணி. மறுபடி திரையைப் பார்த்தார். அதுவும் அதையேதான் சொன்னது. இந்த முறை கூட்டவில்லை. கல்கத்தா நினைவுக்கு வந்தது; அதைத் தட்டிய அன்றே பெட்டி இந்திய நேரத்துக்கு மாறியிருந்தது.

மைக்கை எடுத்து இன்னொரு தடவை அழைத்தார். அவருக்கு மேலே ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்டே அழைத்தார். குரல் நன்றாகவே இருந்தது.

"விடுங்க சார்" என்றார் பாக்கியலட்சுமி. "பிள்ளைங்க வீட்டுக்குப் போகணும். சாவிய ஆபீஸ்ல கொடுத்துடுங்க. மெஷின இன்னைக்கே உள்ள வெச்சுடறோம்."

வரிசைகள் எழ ஆரம்பித்தன. குருபிரசாத் அவற்றுக்கு நடுவே வந்து, நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான். பையிலிருந்து ஒரு டேப் ரெக்கார்டரை எடுத்து வானொலிக்குப் பக்கத்தில் வைத்தான். உள்ளே கேசட் இருந்தது. விரலைப் பொத்தான்மேல் வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குக் கேட்காதபடி பேசினான்.

"நிலையத்துல இருக்கற ஆளு 'மைசூர்'னு ரெண்டு தடவை சொல்றான் சார், சுத்தமா கேக்குது. இத கேட்டா மேடம் ரூம விட்டுடுவாங்க. ஆனா இப்ப வந்த மாதிரி திருட்டுத்தனமா போடமாட்டேன். காலைல பத்து பன்னெண்டுக்கு வந்ததுன்னு சொல்லிட்டுத்தான் போடணும். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"